ஆளில்லாமல் உருண்ட கார்

(ஒரு சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான்கைந்து ஆண்டுகள் ஆட்டம் போட்டு அடங்கிப்போன ஒரு ராப் இசையைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அதன் பெயர் ஹைஃபி. ஊர், கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையோரம். காலம், தோராயமாக 2004 முதல் 2008 வரை. உச்சம் 2006. ராப் என்றதும் நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும்தான் நம் நினைவுக்கு வரும். கொஞ்சம் கூர்ந்து கேட்பவர்கள் அட்லாண்டாவையும் சேர்த்துக்கொள்வார்கள். ஓக்லாண்டையும் வல்லேஹோவையும் யாரும் சொல்வதில்லை.

இவ்வளவு சின்ன ஆயுள் கொண்ட ஒன்றுக்கு ஒரு முழு மாலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதன் சாவுக்குச் சொல்லப்படும் காரணம் எனக்கு ஒப்பவில்லை என்பதால்தான். "அது ஒரு மோகம், வந்தது, போனது" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஹைஃபி என்பது பாட்டு மட்டும் அல்ல, சில குறிப்பிட்ட தெருக்களைப் பயன்படுத்திக்கொண்ட முறை அது. பாட்டைப் பெட்டியில் போட்டு நாடு முழுக்க விற்க முடிந்தது. தெருவை விற்க முடியவில்லை. பிறகு அந்தத் தெருவே கையை விட்டுப் போனது. சொல்ல வந்தது இதுதான், மற்றதெல்லாம் விவரம்.

முதலில் ஊரைப் பார்ப்போம். இந்த இசைக்கும் பணக்கார சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் தொடர்பு குறைவு. விரிகுடாப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஓக்லாண்ட், ரிச்மண்ட், இன்னும் வடக்கே போனால் வல்லேஹோ, ஃபேர்ஃபீல்ட், இவைதான் இதன் ஊர்கள். இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் கட்டும் வேலைக்காக லூசியானா, டெக்சஸ், ஆர்கன்சா பக்கமிருந்து கறுப்பினக் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. வல்லேஹோவின் மேர் ஐலண்ட் கடற்படைத் தளம் 1854 முதல் அந்த ஊருக்குச் சோறு போட்டது. 1996இல் அதை மூடினார்கள். ஹைஃபி பாடியவர்கள் அந்தக் கப்பல் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் தலைமுறை. தாத்தாவுக்கு இருந்த வேலை பேரனுக்கு இல்லை, தாத்தா வாங்கிய பழைய பியூக் கார் மட்டும் வீட்டு வாசலில் நின்றது. இந்தக் காரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த வட்டாரத்து இசைக்காரர்களுக்கு ஒரு பழைய வீம்பு உண்டு: எவன் தயவும் வேண்டாம். 80களின் தொடக்கத்தில் டூ ஷார்ட் என்ற பையன் ஓக்லாண்டில் தன் குரலைக் கேசட்டில் பதிந்து, தெருத் தெருவாகக் கொண்டுபோய் விற்றான். ஈ-40 என்ற வல்லேஹோக்காரர் சொந்தக் குடும்பத்தோடு சேர்ந்து 'சிக் விட் இட்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார், கார் டிக்கியில் வைத்து விற்றார். 1994இல் ஜைவ் என்ற பெரிய நிறுவனம் வந்து ஒப்பந்தம் போடும்போது, அவரிடம் ஏற்கனவே வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அப்போதைய வட்டார பாணிக்கு 'மாப் மியூசிக்' என்று பெயர். கனத்த பேஸ், மெதுவான நடை, இருட்டான மனநிலை. 1996இல் ராப்பர் டூபாக் லாஸ் வேகஸில் சுடப்பட்டு இறந்த பிறகு பெரிய கம்பெனிகளின் பார்வை இந்தக் கரையை விட்டு நகர்ந்தது. அதே ஆண்டு வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலி நிலையம் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. விரிகுடாப் பகுதியில் போட்டிபோட்டுக்கொண்டிருந்த நிலையங்கள் ஒரே முதலாளியின் கைக்குப் போயின. உள்ளூர்ப் பாட்டு கேட்பது கடினமானது. ஆனால் விற்பனை நிற்கவில்லை. டிக்கி இருந்ததே!

இங்கே மேக் ட்ரேயைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அவர் இல்லாமல் ஹைஃபி இல்லை. ஆனால் ஹைஃபி பெரிதாகும்போது அவர் உயிரோடு இல்லை.

இயற்பெயர் ஆண்ட்ரே ஹிக்ஸ். பிறந்தது 1970, ஓக்லாண்டில். வளர்ந்தது வல்லேஹோவின் 'கிரெஸ்ட்' குடியிருப்பில். 1992இல் வங்கிக் கொள்ளைக்குச் சதி செய்ததாகக் கைதானார். ஃப்ரெஸ்னோ சிறையிலிருந்தபடியே, கைதிகளுக்கான தொலைபேசியில் பாடி, அந்தப் பக்கம் கயிரீ என்ற இசையமைப்பாளர் பதிவு செய்ய, ஒரு இசைத்தொகுப்பே வெளிவந்தது. 1996இல் விடுதலையானார். சிறைக்குப் போனவர் ஒருத்தர், வெளியே வந்தவர் வேறொருத்தர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முன்பிருந்த முறைப்பு போய்விட்டது. கோமாளித்தனம் வந்தது. 2002இல் 'திஸல் டான்ஸ்' என்று ஒரு பாட்டு. முகத்தை, ஏதோ நாற்றம் அடித்ததுபோலச் சுளித்துக்கொண்டு ஆட வேண்டும், அவ்வளவுதான் நடனம். 'திஸ்' என்பது அந்த ஊர்ப் பேச்சில் எக்ஸ்டஸி மாத்திரை. தன் கம்பெனிக்கே திஸ் என்று பெயர் வைத்தார். 2004இல் வந்த ஒரு ஆல்பத்துக்கு, முன்னாள் அதிபர் ரீகனின் பெயரைத் திருகி 'ரொனால்ட் ட்ரெகன்' என்று தலைப்பிட்டார். ரீகன் காலத்து ஆட்சியில் கறுப்பினக் குடியிருப்புகள் பட்டபாடு தெரிந்தவர்களுக்கு அந்தப் பகடியின் கசப்பு புரியும்.

2004 நவம்பர் 1 அன்று, நிகழ்ச்சிக்காகப் போயிருந்த கான்சஸ் சிட்டியில் நெடுஞ்சாலையில் அவர் வண்டியைச் சுட்டார்கள். இறக்கும்போது வயது 34. பல பேர் அவரைப் பின்பற்றினார்கள். அவர் கண்ணாடியை, தலைமுடியை, முகச் சுளிப்பை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும் அந்தக் குணத்தை மட்டும் எடுக்கத் தவறினார்கள். பின்னாளில் ஹைஃபி வெறும் வித்தை காட்டலாகச் சுருங்கியதற்கு அந்த இழப்பும் ஒரு காரணம்.

ஹைஃபி என்ற சொல்லை 90களிலேயே பாட்டில் கொண்டுவந்தவர் ஓக்லாண்டின் கீக் டா ஸ்னீக். அடங்காமல் துள்ளும் நிலை என்பது பொருள். கரகரத்த, தொண்டையின் அடியிலிருந்து வரும் குரல் அவருக்கு. முதல்முறை கேட்பவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. எனக்கும் விளங்கவில்லை. ஆனால் காது பழகிவிட்டால் அந்தக் குரலே ஒரு தாளவாத்தியம் என்று தெரியும். 2004இல் ஃபேர்ஃபீல்டைச் சேர்ந்த 'தி ஃபெடரேஷன்' குழு 'ஹைஃபி' என்றே ஒரு பாட்டு வெளியிட்டது. இசை ரிக் ராக். 2005இல் கீக்கின் 'சூப்பர் ஹைஃபி', இசை சான் ஹோசேயின் ட்ராக்ஸமில்லியன். இந்த இருவரும்தான் அந்த ஓசையின் தச்சர்கள் என்பேன். மாப் மியூசிக்கின் கனத்த பேஸை வைத்துக்கொண்டு, நடையை முடுக்கினார்கள். மேலே விளையாட்டுப் பொம்மையிலிருந்து வருவதுபோன்ற கீச்சுச் சத்தங்கள், கைதட்டல், நடுவில் நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடம் ஏன் என்பது வீட்டில் உட்கார்ந்து கேட்டால் புரியாது. கார் கதவைத் திறந்து வைத்து, டிக்கியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் அதிர, தெருவில் நாற்பது பேர் கூச்சல் போடும்போது அந்த இடம் தானாக நிரம்பிவிடும். பாட்டின் பாதியைத் தெரு பாடட்டும் என்று விட்டுவைத்தார்கள்.

இனி தெருவுக்கு வருவோம்.

கிழக்கு ஓக்லாண்டில் ஈஸ்ட்மாண்ட் மால் என்று ஒரு வணிக வளாகம். அது கட்டப்பட்ட நிலத்தில் முன்பு இருந்தது செவ்ரோலெட் கார் தொழிற்சாலை. 1916இல் தொடங்கி 1963இல் மூடப்பட்டது. அதன்மேல் கடைகள் வந்தன. 80களில் அந்தக் கடைகளின் வியாபாரமும் படுத்தபோது, பரந்த வாகன நிறுத்துமிடம் மட்டும் மிஞ்சியது. இரவில் பையன்கள் கார்களைக் கொண்டுவந்து அழகு காட்டத் தொடங்கினார்கள். இதற்குப் பெயர் 'சைட்ஷோ'. தொடக்கத்தில் வண்டியைப் பளபளவென்று துடைத்து நிறுத்தி, பாட்டுப் போட்டு, நாலு பேரிடம் பேசுவதுதான். பிறகு வட்டமடித்து டயர் புகைய வைப்பது சேர்ந்துகொண்டது. அந்த ஊரின் ரிச்சி ரிச், ஹைஃபி பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே சைட்ஷோவைப் பற்றிப் பாடியிருக்கிறார்.

கார் செய்த இடத்தில் தொழிலாளியின் பேரன் காரை வைத்து ஆடுகிறான் என்பதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனாலும் எனக்கு அந்த இடத்தைக் கடந்து போக மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் போக வேறு இடம் இருந்ததா? இரவு விடுதிகளுக்குள் வயது காரணமாகவோ பணம் காரணமாகவோ நுழைய முடியாது. அரங்குகள் ராப் நிகழ்ச்சி என்றாலே காப்பீட்டுத் தொகையைக் காட்டிக் கதவடைத்தன. மிச்சம் இருந்தது நிறுத்துமிடம். போலீஸ் அங்கிருந்தும் துரத்தியது. துரத்தியதும் கூட்டம் கலைந்ததா என்றால், இல்லை, தெருச் சந்திப்புகளுக்கு நகர்ந்தது. சுவர் சூழ்ந்த நிலத்தில் நடந்தது, வீடுகளுக்கு நடுவே நடக்கத் தொடங்கியது. ஆபத்து அங்கேதான் கூடியது. ஈஸ்ட்மாண்ட் வளாகத்தில் பிற்பாடு ஒரு காவல் நிலையமே வந்து உட்கார்ந்தது. 2002இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது: சைட்ஷோவில் பிடிபட்ட காரை 30 நாள் பறிமுதல் செய்யலாம். அந்த 30 நாளுக்கு நிறுத்தக் கட்டணமும் உரிமையாளர் தலையில். பாட்டியின் காரை எடுத்துவந்த பையனுக்கு, கட்டணம் காரின் விலையைத் தாண்டிவிடும். ஒரு தரப்பை மட்டும் சொல்லக்கூடாது. சைட்ஷோவில் சம்பந்தமே இல்லாதவர்கள் செத்திருக்கிறார்கள், அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்களுக்கு இரவில் தூக்கம் இல்லை. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கதை.

அந்தக் கார்களுக்கு 'ஸ்க்ரேப்பர்' என்று பெயர். பியூக் லெசேபர், பார்க் அவென்யூ போன்ற, ஓய்வுபெற்றவர்கள் ஓட்டும் வகை நீளக் கார்கள். மதிப்பு ஒன்றும் இல்லை. அதற்கு 22 அங்குலச் சக்கரம் பொருத்தினால், திரும்பும்போது டயர் உடலில் உரசும். அதனால் அந்தப் பெயர். லாஸ் ஏஞ்சலஸ் ராப்பர்களின் காரும் நியூயார்க் ராப்பர்களின் காரும் எட்டாக்கனி. இது எட்டும் தூரத்தில் இருந்தது. கார்கூட இல்லாத சின்னப் பிள்ளைகள், மிட்டாய் உறை, அலுமினியத் தாள், வர்ணத்தால் சைக்கிள் சக்கரத்தை அலங்கரித்து 'ஸ்க்ரேப்பர் பைக்' என்று ஓட்டினார்கள். 2007இல் அதைப் பற்றி ஒரு பாட்டும் படமும் வந்தன. இந்த இயக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், இந்தச் சைக்கிள்களைத்தான் சொல்வேன்.

இனி 'கோஸ்ட் ரைடிங்'. காரை மெதுவாக ஓடவிட்டு, கதவைத் திறந்து ஓட்டுநர் கீழே இறங்கிவிடுவார். கார் தானே உருளும். பக்கத்திலோ பானெட் மேலோ அவர் ஆடுவார். இன்று அதே விரிகுடாவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓட்டுநரே இல்லாத வாடகைக் கார்கள் உரிமம் வாங்கிச் சாலையில் ஓடுகின்றன என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன். ஏழைப் பையன் செய்தபோது குற்றம். கம்பெனி செய்யும்போது தொழில்நுட்பம்.

'மஞ்சள் பஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளைக் குட்டையான மஞ்சள் பஸ்ஸில் அழைத்துப்போவார்கள். வடக்கு ஓக்லாண்டின் ராப்பர் மிஸ்டா ஃபாப் அந்த பஸ்ஸைத் தன் அடையாளமாக்கிக்கொண்டார். ஹைஃபி ஆட்டத்துக்கு, மூளை கழன்றவன்போல ஆடு என்று பொருள்படும் சொற்கள் புழங்கின. ஊனமுற்ற பிள்ளைகளைக் கேலி செய்வதாக அப்போதே கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. ஆனால் அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பையன்களைத்தான் அதிகமாக அந்த வகுப்புகளுக்குத் தள்ளினார்கள் என்பதும் நிஜம். மக்கு என்று முத்திரை குத்தப்பட்டவன், ஆமாம் மக்குதான், இப்போது என்ன என்று எழுந்து ஆடுகிறான். இரண்டையும் நான் ஒன்றாகவே வைத்துக்கொள்கிறேன். ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க எனக்கு மனமில்லை.

2006க்கு வருவோம். ஈ-40 வார்னர் நிறுவனத்தின் வழியாக ஒரு ஆல்பம் வெளியிட்டார். பில்போர்டு பட்டியலில் நேராக 3ஆம் இடத்தில் நுழைந்தது. முதன்மைப் பாட்டு 'டெல் மீ வென் டு கோ', கூடப் பாடியவர் கீக் டா ஸ்னீக். ஸ்க்ரேப்பர், கோஸ்ட் ரைடிங், ஆட்டம் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளைப் படத்தில் நாடு பார்த்தது. அதே ஆண்டு டூ ஷார்ட்டின் 'ப்ளோ த விசில்'. இரண்டுக்கும் இசையமைத்தவர் யார் தெரியுமா? லில் ஜான். அட்லாண்டாக்காரர். 'கிரங்க்' என்ற தெற்கத்திய பாணியை ஊர் ஊராகப் பரப்பியவர். விரிகுடாவின் கொடியை நாடறிய ஏற்றியவர் விரிகுடாக்காரர் இல்லை! ரிக் ராக்கின் பெயரும் ட்ராக்ஸமில்லியனின் பெயரும் வட்டாரத்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? ஈ-40இன் அந்த ஆல்பத்திலேயே பட்டியலில் இன்னும் மேலே ஏறிய பாட்டு, டி-பெய்ன் என்ற பாடகரும் கூடப் பாடிய 'யூ அண்ட் டாட்'. அதில் ஹைஃபியின் சாயல் குறைவு. நிறுவனம் இதிலிருந்து என்ன பாடம் படித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

லில் ஜானைக் குறை சொல்லவில்லை, 'டெல் மீ வென் டு கோ' அபாரமான பாட்டு. என் பேச்சு வேறு. அதைப் பார்த்த ஒஹையோவிலோ மின்னசோட்டாவிலோ இருந்த ஒரு பிள்ளைக்கு என்ன கிடைத்தது? நாலைந்து சொற்கள், ஒரு கண்ணாடி, காரிலிருந்து குதிக்கும் ஒரு வித்தை. அவன் ஊரில் சைட்ஷோ இல்லை. பாட்டில் விட்டுவைத்த வெற்றிடத்தை நிரப்ப நாற்பது பேர் இல்லை. அப்பாவின் வண்டியை எடுத்து, கேமராவை வைத்துவிட்டு, இறங்கி ஓடினான். யூடியூப் அப்போதுதான் பிரபலமாகிக்கொண்டிருந்தது. கார்கள் மரத்தில் மோதும் படங்கள் குவிந்தன. 2006 முடிவதற்குள் கோஸ்ட் ரைடிங்கில் இரண்டு பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. தொலைக்காட்சிச் செய்திகளுக்கு ஹைஃபி என்றால் இதுதான் என்று ஆகிவிட்டது.

மிஸ்டா ஃபாபின் 'கோஸ்ட் ரைட் இட்' அப்போது வந்தது. 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்தின் பாட்டை எடுத்தாண்டது. வீடியோவில் அந்தப் படத்தின் காரைப் போன்ற ஒரு வண்டியும் வந்தது. கொலம்பியா பிக்சர்ஸ் ஆட்சேபிக்க, எம்டிவி அதை நிறுத்திக்கொண்டது. அட்லாண்டிக் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்திருந்தது. அறிவித்த பெரிய ஆல்பத்தை அவர்கள் வெளியிடவே இல்லை. அடுத்த நட்சத்திரம் என்று ஊரே நம்பியிருந்த ஆள், அப்படியே நின்றுபோனார். ஈ-40இன் அடுத்த வார்னர் ஆல்பம் 2008 இறுதியில்தான் வந்தது. அதற்குள் காற்று மாறிவிட்டது.

குறுந்தகடு விற்பனை சரிந்துகொண்டிருந்த நேரம் அது. சாக்ரமென்டோவில் பிறந்த டவர் ரெக்கார்ட்ஸ் 2006 கடைசியில் கடைகளை மூடியது. டிக்கியில் வைத்து விற்கும் பழைய வழியும் அடைபட்டது. கேட்பவனிடம் பாட்டு இணையத்தில் சும்மா வந்து சேர்ந்தால் டிக்கிக்கு யார் வருவார்கள்? எவன் தயவும் வேண்டாம் என்று சொல்ல வைத்த பொருளாதாரம், அந்த வீம்புக்கு அடியிலிருந்து கழன்றுகொண்டது. பெரிய கம்பெனி கைவிட்டால் திரும்பிப் போக முன்பு ஒரு வீடு இருந்தது. இந்த முறை இல்லை.

வீடு என்று உவமையாகச் சொன்னேன். நிஜ வீடும் போனது. 2008 மே மாதம் வல்லேஹோ நகராட்சி திவால் மனு கொடுத்தது. வீட்டுக் கடன் நெருக்கடி கிழக்கு ஓக்லாண்டையும் வல்லேஹோவையும் சூறையாடியது. தவணை கட்ட முடியாதவர்கள் வீட்டை வங்கியிடம் விட்டுவிட்டு ஸ்டாக்டன், ஆண்டியாக் என்று உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். 1980இல் ஓக்லாண்ட் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 47 சதவீதம். 2010இல் 28. சான் ஃபிரான்சிஸ்கோவின் கணினித்துறைப் பணம் பாலம் தாண்டி வந்து வாடகையை ஏற்றியது. அந்தத் தெருவில் அந்தப் பாட்டைப் போட அந்தப் பிள்ளைகள் இல்லை. பாணி பழசாகிப் போனதால் மக்கள் விட்டுவிட்டார்கள் என்று சொல்பவர்களிடம் நான் இந்த எண்களைக் காட்டுவேன்.

அப்புறம் என்ன ஆனது? பாணி சாகவில்லை, பெயர் போனது. 2011 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸின் டி.ஜே. மஸ்டர்ட், கைதட்டலும் கொஞ்சமே கொஞ்சம் சுரமும் கனத்த பேஸும் கொண்ட ஓர் ஓசையால் வானொலியை ஆண்டார். அது எங்கள் வீட்டுச் சாமான் என்று விரிகுடாக்காரர்கள் குரல் எழுப்பினார்கள். கேட்டுப் பார்த்தால் கோபம் நியாயம்தான். ஆனால் இசையில் யார் சாமான் யாரிடம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் எந்த வீட்டிலும் பொருள் மிஞ்சாது. அதே ஆண்டு கனடாவின் டிரேக் 'தி மோட்டோ' பாட்டை வெளியிட்டார். அதன் வீடியோவை விரிகுடாவில் எடுத்தார்கள், மேக் ட்ரேயின் தாயார் அதில் தோன்றினார். மகனின் புகழ் அவன் செத்து ஏழு ஆண்டு கழித்து, வெளிநாட்டுக்காரர் ஒருவரின் பாட்டு வழியாக உலகம் சுற்றியது. பெர்க்லியின் 'தி பேக்' குழுவில் இருந்த லில் பி, ஹைஃபியின் கோமாளித்தனத்தை எடுத்துக்கொண்டு, இணையத்தில் நூற்றுக்கணக்கான பாட்டுகளைச் சும்மா வெளியிட்டு, ஒரு புதிய தலைமுறைக்கே வழிகாட்டினார். மேக் ட்ரேயின் சிரிப்பை யாராவது வாங்கிக்கொண்டார்கள் என்றால் அது அவர்தான். ஓக்லாண்டின் 'டர்ஃப்' என்ற தெரு நடனம் மட்டும் தெருவிலேயே நின்றது. 2009இல் மழையில் நனைந்த ஒரு தெருமுனையில், இறந்துபோன ஒரு சகோதரனுக்காக நாலு இளைஞர்கள் ஆடிய படத்தை முடிந்தால் தேடிப் பாருங்கள்.

கீக் டா ஸ்னீக்கை 2017இல் சுட்டார்கள். பிழைத்தார். அதன் பிறகு சக்கர நாற்காலிக்கு வர வேண்டியதாயிற்று. ட்ராக்ஸமில்லியன் 2022 தொடக்கத்தில் இறந்தார். ஈ-40 இன்னும் பாடுகிறார், ஒயினும் விற்கிறார். டிக்கியில் தொடங்கிய வியாபாரிக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.

பேச்சு போதும் என்று நினைக்கிறேன். கேட்க விரும்புபவர்களுக்கு ஒரு யோசனை: 2006இன் பெரிய பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் ஃபெடரேஷனின் 'ஹைஃபி', அடுத்து 'சூப்பர் ஹைஃபி', பிறகு ட்ராக்ஸமில்லியன் தயாரித்த 'தி ஸ்லாப் அடிக்ட்' ஆல்பம் முழுக்க. லில் ஜான் செய்ததை அப்புறம் கேளுங்கள், எது விரிகுடா, எது அட்லாண்டா என்று காதே பிரித்துச் சொல்லிவிடும். காதில் மாட்டும் சின்னக் கருவியில் மட்டும் கேட்க வேண்டாம், பேஸ் கிடைக்காது. இந்த அரங்கத்தின் ஸ்பீக்கர்கள் எப்படி என்று தெரியவில்லை. மேடைக்குப் பின்னால் இருக்கும் தம்பியிடம் முதல் பாட்டைக் கொடுத்திருக்கிறேன். அது முடிந்ததும் உங்கள் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.